அக்காவுக்குக் காது வந்த கதை

ட்ரிங், ட்ரிங்... ட்ரீ......ங். ரெண்டு சின்னது, ஒண்ணு நீளம். தெரு முனை திரும்பும்போதே அப்படித்தான் அடிப்பார் அந்தப் பட்டன்காரர். இருபத்தாறு வருஷம் முன்னாடி முதல் தடவை கேட்ட சைக்கிள் மணி, இன்னும் இந்தக் காதுல அப்படியே நிக்குது. அந்த மணியை மட்டும் அவர் அடிக்காம இருந்திருந்தா, நீங்க தேடி வந்த ஆள் இன்னிக்கு அந்த ஸ்டூல்ல உக்காந்து பட்டனுக்குக் காஜா எடுத்துட்டிருப்பா. இப்ப பாருங்க. ஸ்டூல் மட்டும் இருக்கு.

வாங்க, உள்ள வாங்க. அக்கா இல்ல, நான் தங்கச்சி. தெரியும், தெரியும், பயிற்சிக்காரம்மாதானே அனுப்பினாங்க? ஆஸ்பத்திரியில காது மிஷின் வெச்சவங்களுக்குப் பேச்சைக் கேட்டுப் புரிஞ்சுக்கக் கத்துக்குடுப்பாங்களே, அந்த அம்மா. "ஒரு தையல்கடை இருக்கு, அங்க அக்காக்காரிக்கு மண்டைக்குள்ள மிஷின் வெச்சிருக்கோம், போய் நேர்ல பாருங்க"ன்னு சொல்லியிருப்பாங்க. நீங்க மூணாவது ஆள். உங்களுக்கா...? ஓ, வீட்டுக்காரருக்கா. எத்தனை வருஷமா கேக்கல? ஆறா. ஆறெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க அக்காவுக்கு இருபத்துநாலு.

இந்தக் கோட்டு எங்க தைச்சீங்க? வாங்கினதா, அதானே பாத்தேன். வலது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கு. இல்ல இல்ல, கழட்டாதீங்க, போட்டுக்கிட்டே நில்லுங்க, அப்பதான் எவ்வளவு ஏத்தணும்னு தெரியும். நீங்க கேக்க வந்தது வேற, எனக்குத் தெரியாதா? கை சும்மா இருந்தா எனக்குப் பேச வராதும்மா. கண்ணாடியைப் பாத்து நேரா நில்லுங்க. குண்டூசி. அசைஞ்சா குத்தும்.

நல்லதா கெட்டதான்னு கேக்கறீங்க. நல்லதுதான். நான் பொய் சொல்ல மாட்டேன். அதை விட்டு அஞ்சு வாரம் ஆச்சு.

எப்படி இருக்கும்னா... காதுக்குப் பின்னாடி, தோலுக்கு அடியில, ஒரு காந்தம் வைப்பாங்க. அதுலேருந்து மயிரிழை மாதிரி ஒரு கம்பி, காதுக்குள்ள நத்தை மாதிரி சுருண்ட ஒரு இடம் இருக்காம், அதுக்குள்ள போகும். வெளியில வட்டமா ஒரு வில்லை, கோட்டுப் பட்டன் அளவு. தலைகிட்டக் கொண்டு போனா டப்புனு ஒட்டிக்கும். அவ்வளவுதான். ஒட்டினா கேக்கும், எடுத்தா கேக்காது. யாராவது ரொம்பப் பேசினா எடுத்து மடியில வெச்சுக்கலாம். அந்த வசதி உங்களுக்கோ எனக்கோ உண்டா? இப்ப உங்களுக்கு இருந்திருந்தா உபயோகப்பட்டிருக்கும். சிரிக்காதீங்க, தோள் ஆடுது.

ஆனா தையல்கடையில தலைக்குள்ள காந்தத்தோட ஒருத்தி இருந்தா என்ன ஆகும்னு அந்த டாக்டர் யோசிச்சாரா? முதல் வாரம், குண்டூசி டப்பா மேல குனிஞ்சு எதையோ தேடினா. நிமிந்தா, காதுக்கு மேல நாலு ஊசி நட்டுக்கிட்டு நிக்குது. "பட்டத்து ராணி வர்றாங்க, எல்லாரும் வழி விடுங்க"ன்னேன். இன்னொரு நாள், அதோ அந்த ஆணியில தொங்குதே பெரிய கத்தரி, அது பக்கமா எட்டி நூல் எடுத்தா. வில்லை தலையை விட்டுத் தாவிப் போய்க் கத்தரியில ஒட்டிக்கிச்சு. வந்த அம்மா கழுத்து அளவைப் பத்திப் பத்து நிமிஷம் அக்காகிட்டப் பேசறாங்க. அக்கா தலையாட்டறா. கேட்டுக்கிட்டு இருந்தது கத்தரி. நல்லவேளை, கத்தரிதானே வெட்டப் போகுதுன்னு நானும் சும்மா இருந்துட்டேன்.

உங்க வீட்டுக்காரர் என்ன வேலை? தபால் பிரிக்கிறாரா, அப்ப பரவாயில்ல. நைலான் துணிப் பக்கம் மட்டும் போக வேணாம்னு சொல்லுங்க. நைலான் லைனிங்கை உருவும்போது படபடன்னு பொறி பறக்கும் பாருங்க, அது ஆகாது. கம்ப்யூட்டர்ல உக்காந்து ஒவ்வொரு சத்தமா டியூன் பண்ணிக் குடுப்பாங்களே, அது கலைஞ்சாலும் கலைஞ்சுடுமாம். அதுலேருந்து நைலான் வேலையெல்லாம் என் தலையில. அப்புறம் பேட்டரி. ஒரு முக்கியமான விஷயம் சொல்லிக்கிட்டு இருப்போம், நடுவுல நின்னுடும். நான் பேசும்போதுதான் அதிகமா நிக்குதுன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இப்பக் கையைக் கொஞ்சம் தூக்குங்க. போதும். இந்தக் கையும் நீளம்... யாருக்கு அளவெடுத்துத் தைச்சாங்களோ.

வெச்சவுடனே கேட்டுடும்னு நெனச்சுடாதீங்க. அதைத்தான் யாரும் சரியாச் சொல்ல மாட்டாங்க. காயம் ஆறி, ஒரு மாசம் கழிச்சுத்தான் மிஷினை உசுப்புவாங்க. அன்னைக்கு நானும் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். "பேசுங்க, தங்கச்சி குரல் கேக்கட்டும்"னாங்க. இருபத்துநாலு வருஷம் கழிச்சு எங்க அக்கா என் குரலைக் கேக்கப் போறா. என்ன பேசறது? "அக்கா, நான்தான்"னேன். அவ என் முகத்தை உத்துப் பாத்துட்டு, "தகர டப்பாவுக்குள்ள வண்டு விழுந்தாப்பல இருக்கு"ன்னா. அப்புறம் மூணு வாரம் கழிச்சு, ஒரு மத்தியானம், தையல் மிஷினை மிதிச்சுக்கிட்டே சொன்னா: "நீ அப்ப மாதிரியேதான் பேசறேடி. மூச்சே விடாம." அன்னைக்கு நான் பின்னாடி போய் மூஞ்சி கழுவிட்டு வந்தேன். அது நல்லதுதானே? அதை எழுதிக்கிடுங்க, நல்லதுன்னு.

யார் ஆசைப்பட்டு வெச்சதுன்னு கேக்கறீங்களா? நான்தான். அக்கா கேக்கல. அவளுக்கு முப்பத்தொரு வயசுல ஒரு காய்ச்சல் வந்தது, காதை எடுத்துக்கிட்டு அது போயிடுச்சு. அன்னைலேருந்து கடைக்கு வர்றவங்க பேசறது எல்லாம் நான் கேட்டு, சீட்டுல எழுதி, அவகிட்ட நீட்டணும். பாட்டர்ன் வெட்டி மிஞ்சின காகிதம் இருக்கும்ல, அதைக் கீத்துக் கீத்தா நறுக்கி வெச்சிருப்போம். "இடுப்பு ஒரு இஞ்ச் பிடிக்கணுமாம்." "வெள்ளிக்கிழமை வேணுமாம்." அக்கா படிச்சுட்டுத் துணியோட சேத்துக் குத்திடுவா. வேலை முடிஞ்சதும் தேதி போட்டு டின்னுல போட்டுடுவா. "நான் அப்படிச் சொல்லவே இல்லை"ன்னு நாளைக்கு யாராவது வந்து நின்னா, எடுத்துக் காட்டணுமாம். ஒரு சீட்டு தூக்கிப் போட்டதில்ல. பதினோரு டின்னு. அவ பத்திரம் உங்களுக்குத் தெரியாது.

எழுதி எழுதி இந்தக் கட்டைவிரல் போயிடுச்சு, அதான் மிஷின் வெக்கலாம்னு ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். கட்டைவிரலெல்லாம் சும்மா. நான் பேசறதைக் கேக்க வீட்டுல ஒரு ஆள் வேணும்னு இருந்தது. அவ்வளவுதான். யோசிச்சுப் பாருங்க, பொழுதன்னைக்கும் பேசற ஒருத்தியும் ஒரு வார்த்தை கேக்காத ஒருத்தியும் ஒரே அறையில. சாப்பாட்டுக்குக் கூப்பிடணும்னாக்கூட நான் எழுந்து போய்த் தொடணும்.

ஆபத்தா... இருக்கு, ஏன் இல்லாம? டாக்டர் உக்கார வெச்சு ஏழு சொன்னார். நாலு பக்கம் பொடி எழுத்துல ஒரு காகிதமும் நீட்டினார். அக்கா கண்ணாடி எடுத்துட்டு வரல. "என்ன சொல்றார், எழுது"ன்னா. நான் பெரிய எழுத்துல நாலு எழுதினேன். தலை சுத்தலாம், காயம் சீழ் பிடிக்கலாம், பழுதானா இன்னொரு தடவை திறக்கணும், பெரிய காந்தத்துல ஸ்கேன் படம் எடுக்கற மிஷினுக்குப் போறதா இருந்தா முன்னாடியே சொல்லணும். அந்த நாலு. மிச்சம் மூணு... முகத்து நரம்பு ஓரமா கை போகும், ஆயிரத்துல ஒருத்தருக்கு ஏதாவது ஆகலாம்னார், விட்டுட்டேன். நாக்குல ருசி கொஞ்ச நாள் மாறும்னார், விட்டுட்டேன். கடைசி ஒண்ணு, அந்தக் காதுல மிச்சம் மீதி ஏதாவது கேட்டா, அதுவும் போயிடும்னார்.

அக்காவுக்கு இடது காதுல ஒரே ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. தையல் மிஷின் ஓடற சத்தம். காதுல கேட்டதோ, உடம்புல கேட்டதோ, தடதடன்னு ஒரு அதிர்வு மாதிரி வரும்னு சொல்லுவா. அது வர்றப்ப அவளுக்கு வேலை ஓடும். அதை நான் எழுதல. எழுதியிருந்தா மாட்டேன்னிருப்பா. பயந்துடுவாளேன்னுதான் எழுதலன்னு அப்ப எனக்கே சொல்லிக்கிட்டேன்.

இப்ப வில்லையை எடுத்துட்டா அந்தத் தடதடவும் இல்ல. சுத்தமா ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்காரருக்கு ஏழையும் சொல்லுங்கம்மா. ஒண்ணுகூட விடாதீங்க. சொல்லிட்டு, வெச்சுக்கிட்டா வெச்சுக்கட்டும்.

திரும்புங்க, முதுகைப் பாக்கறேன். முதுகு நல்லா வந்திருக்கு. கடையில வாங்கினதுக்கு இது அதிசயம்.

பட்டன்காரர்தானே... வர்றேன், வர்றேன். பட்டன், ஜிப்பு, நூல் எல்லாம் சைக்கிள்ல வெச்சு, கடை கடையாப் போடறவர். புதன்கிழமை நம்ம தெரு. அக்காவுக்குக் காது நல்லா இருந்த காலத்துல, மணி கேட்டதும் இவ தலை தானா நிமிரும். நான் பாத்திருக்கேன். காது போன பிறகும் அந்த மனுஷன் அதே மாதிரி மணி அடிச்சுக்கிட்டுத்தான் வருவார். கேக்காத ஆளுக்கு எதுக்கு மணின்னு ஒரு தடவை கேட்டேன். "பழகிடுச்சு"ன்னார். பேச்சு அவ்வளவுதான் வரும். எழுத்து சுத்தமா வராது, நம்பர் மட்டும் எழுதுவார். எங்க அக்கா உதட்டைப் பாத்தே பாதி புரிஞ்சுக்குவா, ஆனா அவருக்கு ஒரு மீசை பாருங்க... பாத்திரம் தேய்க்கற பிரஷ் மாதிரி, கீழ் உதடு வரைக்கும். அதுக்குள்ளேருந்து என்ன வருதுன்னு எவளுக்குத் தெரியும்? அதனால அவர் சொல்றதும் என் வழியாத்தான் போகணும்.

பதினோரு வருஷம் முன்னாடி ஒரு புதன்கிழமை. பட்டன் எல்லாம் எண்ணி வெச்சார், போகல. நின்னுக்கிட்டே இருந்தார். அப்புறம் என்னைப் பாத்துச் சொன்னார்: "அக்காகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. நானும் தனி ஆள். ரெண்டு அறை வீடு இருக்கு. அவங்களுக்கு இஷ்டம்னா, கல்யாணம் பண்ணிக்கலாம். காது ஒண்ணும் எனக்குத் தடையில்ல." இவ்வளவு நீளமா அந்த மனுஷன் பேசி நான் கேட்டதே இல்ல.

அக்கா மிஷினை நிறுத்திட்டு என்னையே பாத்துட்டிருக்கா. என்ன சொல்றார்ங்கற மாதிரி.

நான் சீட்டு எடுத்தேன். எழுதினேன். "கறுப்புப் பட்டன் வர ரெண்டு வாரம் ஆகுமாம்."

...

ஊசி குத்திடுச்சா? இல்லையா? ஆடினீங்களே, அதான் கேட்டேன்.

அக்கா படிச்சா. சரின்னு தலையாட்டினா. நான் அவர்கிட்டத் திரும்பி, "யோசிச்சுச் சொல்றாளாம்"னேன். அவரும் சரின்னு தலையாட்டினார். ரெண்டு பேரும் எனக்குத் தலையாட்டிட்டு, அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க. இதுல கொடுமை என்னன்னா, கறுப்புப் பட்டன் ஆறு டஜன் அன்னைக்கே குடுத்துட்டுப் போயிருந்தார். ரெண்டு வாரம் அதை எங்க வெக்கறது? கஞ்சி மாவு டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சேன். கறுப்புக் கோட்டு மூணு, பட்டனில்லாம தொங்குது, நான் அதைப் பாத்துக்கிட்டே சாப்பிடறேன். பொய் சொல்றதுகூட லேசும்மா. அப்புறம் அதைக் கட்டிக் காப்பாத்தணும் பாருங்க, அதுல இருக்கு வேலை.

அவர் மறுபடி கேக்கவே இல்ல. பதினோரு வருஷம், புதன்கிழமை தவறாம வந்தார், மணி அடிச்சார், எண்ணி வெச்சார், போனார். நானாவது ஒரு நாள்... சொல்லியிருக்கலாம். நாளாக நாளாக எழுத வேண்டியது நீளமாயிட்டே போச்சு.

மிஷின் வெச்சு ரெண்டாம் மாசம். புதன்கிழமை. அக்கா தைச்சுக்கிட்டே தலையை நிமித்தினா. "அது என்னடி, ரெண்டு சின்னதா, ஒண்ணு நீளமா?" "பட்டன்காரர் மணி"ன்னேன். "இன்னுமா அடிக்கிறார்?"னா. தையல் கோணலாப் போச்சு, பிரிச்சா.

பயிற்சிக்காரம்மா வேற வீட்டுப் பாடம் குடுத்துட்டாங்க. தினம் பத்து நிமிஷம் புதுக் குரல் கேக்கணுமாம், உதட்டைப் பாக்காம கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லணுமாம். நான் பேசினா பாடத்துல சேராதாம், தங்கச்சி பேச்சு பழகிடுமாம். இருபத்துநாலு வருஷம் நான் எழுதினேன், நான் சேராதாம். "யாராவது பெரிய மீசைக்காரங்களா இருந்தா ரொம்ப நல்லது, உதடு தெரியாது"ன்னு அந்த அம்மாவே சொன்னாங்க. நான் என்ன செய்ய முடியும்?

மத்த நாள் கடைக்கு வர்றவங்க யாராவது. புதனுக்குப் புதன், அதோ அந்த ஸ்டூல்ல அவர். மிஷின்ல இவ. அவருக்கு என்ன படிக்கத் தெரியும்? பட்டன் நம்பர்தான் சொல்லுவார். "பதினெட்டு." "பதினெட்டு"ம்பா. "இருபத்துநாலு." "இருபத்துநாலு." "முப்பத்திரெண்டு, நாலு துளை." "முப்பத்திரெண்டு, நாலு துளை." நான் பின்னாடி இஸ்திரி போட்டுக்கிட்டுச் சிரிப்பை அடக்கிட்டிருப்பேன். இதென்ன பாடம், குழந்தைங்க வாய்ப்பாடு மாதிரி. நாலு மாசம் இப்படியே போச்சு. நான் தைரியமாயிட்டேன்.

அஞ்சு வாரம் முன்னாடி. நம்பரெல்லாம் முடிஞ்சுது. அவர் கொஞ்சம் நிறுத்திட்டு, "பதினோரு வருஷம்"னார்.

அக்கா பாடம்னு நெனச்சு, "பதினோரு வருஷம்"னா.

"யோசிச்சாச்சா?"

"யோசிச்சாச்சா"ன்னா. சொல்லிட்டு அப்படியே நிறுத்தினா. திரும்பினா. "எதை?"ன்னா.

எனக்கு அங்க இஸ்திரி தீஞ்ச வாசனை. ஒரு நல்ல பேண்ட்.

அவர் அன்னைக்குக் கேட்டதை, தேதியோட, அவகிட்டயே சொன்னார். அக்கா கத்துவான்னு நெனச்சேன். கத்தல. எழுந்து போனா. தேதி போட்டு வெச்சவளுக்குத் தேட எவ்வளவு நேரம் ஆகும்? ஏழாவது டின்னு. அந்தச் சீட்டை எடுத்துட்டு வந்து மேஜை மேல வெச்சா. கறுப்புப் பட்டன். என் எழுத்து. அவருக்குப் படிச்சுக் காட்டினா, சத்தமா. அவர் தொப்பியைக் கையில வெச்சுச் சுத்திக்கிட்டே இருந்தார். அப்புறம் அக்கா ஒரு புதுச் சீட்டு எடுத்து எழுதி என்கிட்ட நீட்டினா. எனக்கு. காது கேக்கற எனக்கு.

"இன்னும் எத்தனை?"

அவ்வளவுதான் எழுதியிருந்தா. நான் பேசவே இல்ல. என்னைப் பாருங்க, நான் பேசவே இல்ல. பேச வரல.

அப்புறம் ரெண்டு வாரம் இருந்தா. நான் இருக்கற அறைக்கு வந்தா வில்லையைக் கழட்டி மடியில வெச்சுக்குவா. நான் பேசறதைக் கேக்கறதுக்குன்னு நானே வாங்கிக் குடுத்த மிஷின். மூணாவது திங்கக்கிழமை பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுட்டு, அந்த ரெண்டு அறை வீட்டுக்குப் போயிட்டா. ஒரு பெட்டி, அவளோட கத்தரி. டின்னு எல்லாம் இங்கயே இருக்கு. கையெழுத்து அன்னைக்கு நான் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகல. கூப்பிடல, போகல.

சரி... இந்த ஊசியை எடுத்துடறேன். கழட்டுங்க இப்ப. மெதுவா.

அக்கா விலாசம்தானே கேக்கறீங்க? தர்றேன். தராம எங்க போகப் போறேன்? ஆனா எனக்கும் ஒரு வேலை செய்யணும் நீங்க. இந்தக் கவரை அவகிட்டக் குடுக்கணும். பிரிச்சுப் பாருங்க, பரவாயில்ல. சீட்டுதான். மூணு வாரமா உக்காந்து பதினோரு டின்னையும் கொட்டிப் பாத்தேன். நான் மாத்தி எழுதினது நாப்பத்தொண்ணு. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி, அவங்க நிஜமா என்ன சொன்னாங்கன்னு எழுதியிருக்கேன், ஞாபகம் இருக்கற வரைக்கும். இதப் பாருங்க, "கை கொஞ்சம் இறுக்கமாம்." அந்தப் பொம்பளை சொன்னது, செவிட்டுக்கு என்ன சொன்னா என்ன புரியப் போகுதுன்னு. அதை எப்படி எழுதறது? இந்த மாதிரிதான் முப்பது இருக்கும். நல்லதுக்குன்னே வெச்சுக்கலாம். மிச்சம்... இதோ, "கழுத்து சரியா இருக்காம்." அவங்க சொன்னது, இவ்வளவு சுத்தமான தையல் நான் எங்கயுமே பாத்ததில்ல, உங்க அக்கா கையைக் கண்ணுல ஒத்திக்கணும்னு. இதை எழுதினா எனக்கென்ன குறைஞ்சிருக்கும் சொல்லுங்க? அன்னைக்கு என்னவோ எழுத மனசு வரல. டாக்டர் சொன்ன மூணும் இதுல இருக்கு. பட்டன்காரர் சீட்டு கடைசியில.

வாயால சொல்றதுக்கும் ஒண்ணு இருக்கு. "நாப்பத்தொண்ணுன்னு தங்கச்சி சொன்னா. நைலான் வேலை சேந்து கிடக்குதுன்னும் சொன்னா, ஆனா அதுக்காக வர வேணாமாம்." அப்படியே சொல்லுங்க. சேக்கவும் வேணாம், குறைக்கவும் வேணாம். நான் அழுதேன்னெல்லாம் சொல்லாதீங்க. அழல, இஸ்திரி நீராவி.

கோட்டு இங்கயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள தோளை ஏத்தி, கையையும் குறைச்சு வெச்சுடறேன். வாங்கிக்க நீங்க வந்துதானே ஆகணும்? வரும்போது அக்கா என்ன சொன்னாளோ அதைச் சொல்லுங்க. திட்டினா திட்டினதைச் சொல்லுங்க. ஒண்ணும் சொல்லலன்னா, ஒண்ணும் சொல்லலன்னு சொல்லுங்க. நல்லதா நீங்களா எதுவும் சொல்லிடாதீங்கம்மா. எனக்கு உடனே தெரிஞ்சுடும். நான் அந்த வேலையில இருந்தவ.

வழியா? தண்ணித் தொட்டி தாண்டி மூணாவது சந்து, பச்சைக் கதவு. சைக்கிள் வாசல்ல நிக்கும். மணியை அடிச்சுப் பாருங்க, வில்லை போட்டிருந்தா வந்துடுவா. இல்லன்னா அவர்தான் கதவு திறப்பார். மீசைக்காரரைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க. போன வாரம் நூல் கடையில எதிர்லயே நின்னார், எனக்கே அடையாளம் தெரியல. என்னங்க இதுன்னேன். "படுக்கப் போறப்ப அவங்க மிஷினைக் கழட்டி வெச்சுடறாங்க. அப்புறம் ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. உதடாவது தெரியணும்ல"ன்னார்.

முப்பது வருஷ மீசை. எடுத்துட்டார்.